ஒருதரம் அத்தையும் என் சீர் பீரோவும்

கடலூர் புதுப்பாளையத்தில் ஏலம் போகாத பொருள் ஒன்று இருக்கிறது என்றால், அது இன்னும் ஒருதரம் அத்தையின் கண்ணில் படவில்லை என்றுதான் அர்த்தம்.

அத்தைக்குச் சொந்தப் பெயர் உண்டு. சபைப் பதிவில் அழகான வேதாகமப் பெயர் ஒன்று இருப்பதாகக் கேள்வி. நாங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்த நான்கு வருடத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் ஊதியே வளர்ந்த குரல். வருடத்துக்கு ஒருமுறை அவர்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வரும். விளைச்சலில் கடவுளுக்கு ஒரு பங்கு என்று சபையார் பூசணி, வாழைத்தார், சேவல், நெல் மூட்டை எல்லாம் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அத்தனையும் ஏலம் போகும். ஏலம் விடுவது அத்தை. மைக் கிடையாது. அத்தை ‘ஒருதரம்’ என்று ஆரம்பித்தால் கெடிலம் ஆற்றுக்கு அக்கரையில் திருப்பாப்புலியூரில் இருப்பவர்கள்கூடச் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள் என்பார் மாமா. மாமா என்றால் அத்தையின் கணவர். அவர் வாழ்க்கையில் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

ஒரு வருடம் பீடத்தின் ஓரமாகச் சாத்தியிருந்த குடையையும் காணிக்கை என்று நினைத்து அத்தை ஏலம் விட்டுவிட்டார். அது போதகரின் குடை. போதகர் எழுந்து சொல்ல வாயெடுப்பதற்குள் இரண்டு தரம் முடிந்துவிட்டது. வெளியே மழை வேறு. அவரே உயர்த்திக் கேட்டுத் தன் குடையை மீட்டுக்கொண்டு வீடு போனார்.

இது வருடத்துக்கு ஒருநாள் சமாசாரம் என்றால் பரவாயில்லை. மீதி நாட்களிலும் வாய்க்கு வேலை வேண்டுமே. வீட்டில் மீன் குழம்பு வைத்து ஒரே ஒரு துண்டு வஞ்சிரம் மிஞ்சினால் அதற்கும் ஏலம். காசுக்கு இல்லை, வீட்டு வேலைக்கு. மாமா பாத்திரம் கழுவுகிறேன் என்பார். அத்தை ‘ஒருதரம்’ என்பார். எதிர்த்துக் கேட்க வீட்டில் வேறு ஆளே கிடையாது. இருந்தும் மாமா பதறிப்போய், பாத்திரமும் கழுவித் தண்ணீர்த் தொட்டியும் தேய்க்கிறேன் என்று தன்னைத் தானே மிஞ்சிக் கேட்பார். எங்கள் சமையலறை ஜன்னல் வழியாக இதைக் கேட்டுக்கொண்டுதான் நான் என் மகளுக்குப் பருப்புச் சாதம் ஊட்டுவேன். சிரித்தால் அவள் சாப்பிடுவதை நிறுத்திவிடுவாள் என்று அடக்கிக்கொள்வேன்.

ஷேர் ஆட்டோவில் ஒரு சீட்டுக்கு இரண்டு பேர் சண்டை போட்டபோது அத்தை அந்தச் சீட்டை ஏலம் விட்டார் என்று தெருவில் ஒரு கதை உண்டு. நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

இப்படிப்பட்டவரிடம் என் வீட்டுச் சாமான்கள் போய்ச் சேர்ந்த கதைதான் இது.

2009-இல் என் கணவருக்குச் சிதம்பரத்தில் வேலை கிடைத்தது. போகும் இடத்தில் அகப்பட்டது மாடியில் இரண்டே அறை. வீட்டைவிடப் பெரிய பிரச்சினை அதன் படிக்கட்டு. ஒரு திருப்பத்தில் ஆள் ஏறுவதற்கே பக்கவாட்டாகத் திரும்ப வேண்டும். என் கணவர் இன்ச் டேப் வைத்து அளந்துவிட்டு வந்து, கட்டில் ஏறாது, டைனிங் டேபிள் ஏறாது, பீரோவை நினைத்தே பார்க்காதே என்று சொல்லிவிட்டு, வேலையில் சேர முன்கூட்டியே சிதம்பரம் போய்விட்டார்.

பீரோ என் அப்பா எடுத்துக் கொடுத்த சீர். எங்கள் ஊர் கீரப்பாளையத்தில் அறுவடை முடிந்த கையோடு கடலூருக்கு வந்து, நான்கு கடை ஏறி இறங்கி, ஒவ்வொரு பீரோவையும் கையால் தட்டிச் சத்தம் கேட்டு வாங்கினார். கல்யாணத்தன்று மாப்பிள்ளையை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியாது. பீரோவைப் பார்க்காத ஆள் இல்லை. அப்பாவே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

அதை விற்பதா? பழைய இரும்புக் கடைக்காரரை வரவழைத்தபோது அவர் பீரோவை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எடைக்கு என்ன வரும் என்று கணக்குப் போட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் மதில் மேல் அத்தையின் தலை தெரிந்தது.

“ஏன் மருமவளே, எடைக்குப் போட்டா பொருள் போவும், கூடவே மானமும் போவும். ஏலம் வுட்டா நாலு பேரு அடிச்சிக்கிட்டு கேப்பான். எது கௌரவம்?”

வீட்டுச் சாமானை வாசலில் வைத்து விற்றால் நொடித்துப் போய்விட்டார்கள் என்று பேச மாட்டார்களா என்று கேட்டேன். அதுதான் என் உண்மையான பயம். தெருவைப் பற்றிக்கூட இல்லை. கீரப்பாளையத்துக்குச் செய்தி போனால் என்ன ஆகும் என்ற பயம். ஊர் மாறுவதையும் பீரோவை விற்பதையும் அப்பாவிடம் நேரடியாகச் சொல்ல நாக்கு எழவில்லை. அம்மாவிடம் சொன்னேன். நான் அப்பாகிட்ட பக்குவமா சொல்லிக்கிறேன் என்று அம்மா ஏற்றுக்கொண்டார். அம்மாவின் பக்குவம் என்னவென்றால், கடைசிவரை சொல்லாமலே இருந்துவிடுவது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அத்தை வேலையை ஆரம்பித்தார். முதலில் நாள் குறிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வீட்டை விட்டுப் பொருள் போகக்கூடாது என்று நான் சொன்னேன். செவ்வாயும் கூடாது. சனிக்கிழமை யாரும் இரும்பு வாங்க மாட்டார்கள், பீரோ நின்றுவிடும். அத்தை பொறுமையாகக் கேட்டார். உங்க சாமி வாரத்துல எத்தினி நாளு லீவுன்னு மொதல்லயே சொல்லிட்டா சுலபம் என்றார். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை முடிவாயிற்று. அத்தைக்கும் அதுதான் வசதி. காலை ஆராதனை முடிந்து ஜனங்கள் நல்ல துணி உடுத்தி, பர்ஸோடு வெளியே வரும் நேரம். மறுநாள் காலை சாவியை வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும். அதற்குள் வீடு காலியாக வேண்டும்.

அடுத்தது கூட்டம். சாமான் எப்போதும் தன்னால் விற்காது, கூட்டம்தான் அதை விற்கும் என்பது அத்தையின் கட்சி. ஆகவே டீ இலவசம். சின்னப் பிள்ளைகளுக்கு முறுக்கு. பிள்ளை வந்தால் பின்னாலேயே தாய் வருவாள், தாய் வந்தால் சும்மா போக மாட்டாள். எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார். மிக்ஸியை மூன்று முறை துடைத்தேன். அதற்குப் பின்னும் ஜாரின் மூடியில் ஒரு மஞ்சள் கறை இருந்தது. அதை வாங்குகிறவர்களிடம் சொல்லிவிட வேண்டுமா என்று கேட்டேன்.

“சொல்லேன். கூடவே அது எந்த வருஷத்து சாம்பாருன்னும் சொல்லிடு.”

அத்தை என்னை ஏலத்தின்போது வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னதற்கு இதுதான் காரணம்.

எதை விற்கக் கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. குத்துவிளக்கு, முறம், உப்பு ஜாடி, தொட்டில் நான்கையும் உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். தொட்டிலை விற்கக் கூடாது, கொடுக்க வேண்டுமானால் கொடுக்கலாம். அத்தை மற்றதற்கெல்லாம் கேலி செய்தார். தொட்டிலை மட்டும் அவரே தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போர்ட்டிகோவில் கால் வைக்க இடமில்லை. பாதிச் சபை வந்திருந்தது. நடுவில் பீரோ, ஒரு பக்கம் கட்டில், மறுபக்கம் டைனிங் டேபிள், மேலே சில்லறைச் சாமான்கள். அத்தை முக்காலி மேல் ஏறி நின்றார். முதலில் மிக்ஸி. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நான் மனதில் நினைத்த விலையை முதலில் கேட்டவரே தாண்டிவிட்டார். ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். கண்ணாடி போட்ட ஓர் அம்மா பணத்தைக் கொடுத்து மிக்ஸியை வாங்கிக்கொண்டார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த அம்மா மிக்ஸியை இரண்டு கையாலும் உயர்த்திக் காட்டினார். பிறகு பக்தியோடு அதைத் திரும்ப மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போய் நின்றுகொண்டார்.

அத்தை மறுபடி ஆரம்பித்தார். “மிக்ஸி, மறு ஏலம். ஒருதரம்.”

எனக்கு முதலில் புரியவில்லை. வாசல் ஓரமாக டீ ஊற்றிக்கொண்டிருந்த மாமாவிடம் கேட்டேன். அறுப்பின் பண்டிகையில் அப்படித்தான் என்றார். கடவுளுக்கு வந்த பொருளை ஏலத்தில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவது கொஞ்சம் அற்பத்தனம். எடுத்து, பணத்தையும் கட்டி, பொருளையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்தவர் எடுப்பார், அவரும் கொடுப்பார். ஒரு பூசணிக்காய் ஏழு பேரிடம் விலை போய்விட்டு மத்தியானம் சாம்பாரில் விழும். வருடக்கணக்காகப் பழகிய கை. அத்தையின் குரலைக் கேட்டதும் கை தானாகவே திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

மதியம் ஆவதற்குள் மிக்ஸி நான்கு முறை விற்றிருந்தது. டைனிங் டேபிள் மூன்று முறை. கட்டிலை வாங்கியவர் அதில் உட்கார்ந்து பார்த்து, நல்ல கட்டில் என்று சாட்சி சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பணம் மட்டும் மாமாவின் டப்பாவில் விழுந்துகொண்டே இருந்தது. ஒரே மிக்ஸிக்கு நான்கு பேரிடம் வாங்கலாமா? இது திருட்டில் சேருமா? அவர்கள் கடவுளுக்கென்று கொடுப்பதை நான் சிதம்பரத்து வாடகை அட்வான்ஸுக்கு எடுத்துக்கொண்டால் எந்தக் கடவுள் கேட்பார், எங்களுடையதா அவர்களுடையதா? இத்தனைக்கும் நடுவே ஒரு கரண்டிகூட வாசலைத் தாண்டவில்லை. மறுநாள் சாவி. நிறுத்தச் சொல்லி அத்தைக்குச் சைகை காட்டினேன். அவர் அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டு இன்னும் சத்தமாகக் கூவினார்.

மகள் தூக்கத்துக்கு அழுதாள். உள்ளே போய்த் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் வெளியே பீரோவுக்கு ஏலம் ஆரம்பமானது. இரண்டு மூன்று பேர் ஏற்றி ஏற்றிக் கேட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னொரு குரல். எந்தக் கூட்டத்திலும் எனக்குத் தெரியும் குரல்.

“நிறுத்துங்க. என்ன வெலையா இருந்தாலும் நான் எடுத்துக்கிறேன்.”

கடலூருக்குக் கல்யாணத்துக்கு வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் எங்கள் தெரு வழியாகப் போயிருக்கிறார். போர்ட்டிகோவில் பீரோவையும் கூட்டத்தையும் பார்த்துவிட்டு உடனே அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறார். உம்ம பொண்ணு வீட்டுச் சாமானை ஏலம் வுடுறாங்க. எங்கள் ஊரில் வீட்டுச் சாமான் ஏலம் போவதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. கடன்காரன் கோர்ட்டுக்குப் போய் ஜப்தி வாங்கியிருக்க வேண்டும். அப்பா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு, அம்மா வாயைத் திறப்பதற்குள் பெட்டியைத் திறந்து கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார்.

நான் மகளோடு வாசலுக்கு ஓடினேன். கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்ததால் அப்பாவிடம் போக முடியவில்லை. அவர் கசங்கிய வேட்டியும் கையில் இறுக்கிப் பிடித்த துண்டுமாக முக்காலியின் எதிரே நின்றார். அத்தைக்கு அவர் யார் என்று தெரியாது.

“பெரியவரே, என்ன வெலையா இருந்தாலும்னு சொல்லக்கூடாது. தொகையச் சொல்லுங்க.”

“நான் வாங்கிக் குடுத்த பீரோம்மா இது.”

“அப்ப நல்ல பொருளுன்னு உங்களுக்கே தெரியும். இன்னும் ஜாஸ்தியாவே கேக்கலாமே.”

கூட்டம் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அதற்குள் நான் இரண்டு பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் போய்விட்டேன். என்னைப் பார்த்ததும் அவர் துண்டை என் கையில் திணித்தார். முடிச்சுக்குள் அம்மாவின் வளையல்கள்.

“எவ்ளோ கடன்மா?” என்றார். “அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல.”

படிக்கட்டு, இன்ச் டேப், அம்மாவின் பக்குவம், எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

அத்தை முக்காலியிலிருந்து அப்பாவைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கூட்டத்துக்கு எந்த விளக்கமும் சொல்லவில்லை. முன்னைவிட ஒரு கட்டை கூட்டிக் கேட்டார்.

“இந்த பீரோ வேணும்னு கேட்டவங்க எல்லாம் கையத் தூக்குங்க.”

மூன்று கை உயர்ந்தது. அத்தை முறைத்தார். முப்பது கை உயர்ந்தது. மாமாவும் டீ கெட்டிலோடு கையைத் தூக்கினார்.

“பாத்துக்குங்க அண்ணே. ஜப்தி சாமானுக்கு இப்புடியா நிப்பாங்க? உங்க மாப்ளைக்கு செதம்பரத்துல நல்ல வேல. நாளைக்கு இந்த வூட்ட காலி பண்ணணும், அங்க வீட்டு மாடிப்படி பீரோ ஏறாத படி. எடைக்குப் போட உங்க பொண்ணுக்கு மனசு வரல. அதான் மருவாதியா ஏலம் வுடுறோம். இந்தத் தெருவுல இது மாதிரி பீரோ எவன் வீட்டுல இருக்கு?”

கடைசிக் கேள்வி கூட்டத்தைப் பார்த்துக் கேட்கப்பட்டது. யார் வீட்டிலும் இல்லை என்று கூட்டம் ஒத்துக்கொண்டது. அப்பா பீரோவைச் சுற்றி வந்தார். கதவைத் தட்டிச் சத்தம் கேட்டார். முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

“கனமான தகடு” என்றார் பக்கத்தில் நின்றவரிடம். “இப்பல்லாம் இந்தத் தகடு வராது.”

பிறகு பொறுப்பாக விலையை ஏற்றிக் கேட்டார். அவர் பொருளுக்கு அவரே கேட்பது சரியில்லை என்று சொல்லலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் மூன்று தரமும் முடிந்துவிட்டது. பீரோ அப்பாவுடையது. எல்லாரும் கை தட்டினார்கள். தட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். அப்பா அவர்களைப் பார்த்தார், அவர்கள் அப்பாவைப் பார்த்தார்கள். மிக்ஸியை முதலில் எடுத்த கண்ணாடி அம்மா மெதுவாக, ஐயா, திருப்பிக் குடுக்கணும் என்றார்.

“எதுக்கு?”

“அதான் வழக்கம்.”

“எடுத்தா எடுத்ததுதான். திருப்பிக் குடுக்குறதுக்கு இன்னாத்துக்கு எடுக்கணும்?” அப்பா மேஜையையும் கட்டிலையும் மிக்ஸியையும் ஒரு சுற்றுப் பார்த்தார். “காலையிலேருந்து ஏலம் வுடுறீங்களாம். ஒண்ணுகூட போவலையே. நாளைக்கு எம்பொண்ணு எப்புடி வூட்ட காலி பண்ணுவா?”

அத்தை திரும்பித் தன் பின்னால் பார்த்தார். வருடக்கணக்காக மறு ஏலம் விட்டே பழகியவருக்குப் பொருள் வாசலைத் தாண்ட வேண்டும் என்பதே மறந்துவிட்டது போலிருக்கிறது. பிறகு அவருக்குள்ளிருந்த பி.டி. டீச்சர் வெளியே வந்தார். கடைசியாக எடுத்தவர்கள் அவரவர் பொருளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், முன்னால் எடுத்தவர்கள் வரிசையில் நின்று பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. ஒருவர்கூட வரிசைக்கு வரவில்லை. கொடுத்தது கொடுத்ததுதானாம். அந்தப் பணத்தை மாமா சர்ச் உண்டியலில் போட்டுவிடுவது என்று முடிவானதும்தான் எனக்கு மூச்சு வந்தது. கொஞ்ச நேரத்தில் வீடு காலி. பெருக்குவதற்கு வைத்திருந்த துடைப்பத்தையும் யாரோ தூக்கப் போய் நான் பிடுங்கிக்கொண்டேன்.

அப்பாவிடம் அத்தை காசு வாங்க மாட்டேன் என்றார். ஏலத்தில் எடுத்ததற்குக் காசு கொடுக்காமல் போக மாட்டேன் என்றார் அப்பா. இருவரும் விலை பேசியதைவிட அதிக நேரம் இதற்குச் சண்டை போட்டார்கள். கடைசியில் அத்தை வாங்கி அதை அப்படியே என் மகள் கையில் கொடுத்தார். அவள் அதை வாயில் வைத்தாள். பீரோ ஒரு மினி லாரியில் கீரப்பாளையம் போனது. அப்பா டிரைவர் பக்கத்தில் உட்காராமல் பின்னால் பீரோவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனார். வழியெல்லாம் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான் அப்படிச் செய்திருப்பார்.

சிதம்பரத்தில் பால் காய்ச்சிய அன்று அப்பா வந்திருந்தார். படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று கையால் இரண்டு முறை அளந்து பார்த்தார். திருப்தி ஆகி மேலே வந்தார். காபி குடிக்கும்போது கேட்டார்.

“அந்தம்மா உனக்கு எந்த வழியில அத்த?”

“பக்கத்து வூடுப்பா. அத்தன்னு கூப்புடுவேன், அவ்ளோதான்.”

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். “உனக்கு அத்தன்னா எனக்குத் தங்கச்சி. அப்ப பொங்கலுக்கு வரிச வெக்கணும்ல.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பொங்கலுக்கு முன் கூப்பிட்டு, அந்தம்மா என்ன கலர் புடவை கட்டும் என்று விசாரித்தார். அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, புடவை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறப்போகிறேன் என்றார். அத்தைக்குக் கூடப்பிறந்த ஆண்கள் யாரும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. கிறிஸ்தவர்கள் வீட்டுக்குப் பொங்கல் வரிசை கொண்டுபோகலாமா, தவறாக எடுத்துக்கொள்வார்களா என்று ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு அத்தைக்குப் போன் செய்து, அப்பா வருகிறார், இப்படி வரிசை கொண்டுவருகிறார் என்று சொன்னேன்.

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று செல்லைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கட்டாகவில்லை. தூரத்தில் அத்தை மாமாவிடம் மெதுவாகச் சொல்வது கேட்டது, “எங்கண்ணன் வர்றாராம்.”